சிறுசேரியில் வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி: தென்சென்னைப் புறநகரில் எங்கே வீடு பார்க்கலாம்?

கோவைக்காரி:

அனைவருக்கும் வணக்கம். வடவள்ளியில் குடியிருக்கிறோம். அடுத்த ஜூனில் எனக்குச் சிறுசேரி சிப்காட் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை தொடங்குகிறது. வாரத்தில் நான்கு நாள் அலுவலகம் போயாக வேண்டும். கணவர் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறார். மாமியாரும் எங்களோடு வருகிறார். அவருக்கு முழங்கால் தேய்மானம், மாடிப்படி ஏற முடியாது. மகள் மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். மார்ச் முடிவில் அவனுக்கு ஐந்து வயது எட்டு மாதம் ஆகியிருக்கும். வாடகைக்கு 25,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும்.

உடன் வேலை செய்யப் போகிறவர்கள் நாவலூர், படூர், கேளம்பாக்கம் என்று ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) ஓரமாகவே பார்க்கச் சொல்கிறார்கள். அண்ணன் குரோம்பேட்டை, சேலையூர் பக்கம்தான் என்று உறுதியாக நிற்கிறார். தரகர்களிடம் பேசினால் எந்தப் பகுதியிலும் குறையே இல்லை என்கிறார்கள். அங்கே குடியிருந்து பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் சொல்லுங்கள். முதலில் பள்ளியா, வீடா? ஒவ்வொரு மழைக்காலத்திலும் தொலைக்காட்சியில் பார்க்கும் காட்சிகள் எனக்குப் பெரிய பயம்.

சிட்லபாக்கம்வாசி:

பள்ளிதான் முதலில், சகோதரி. வீட்டை அடுத்த ஆண்டுகூட மாற்றிக்கொள்ளலாம். பள்ளியை மாற்றினால் பிள்ளைக்கு நண்பர்கள், ஆசிரியர்கள், புத்தகம் எல்லாமே மாறும். பள்ளியை முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பிள்ளை நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்துக்குள் வீடு தேடுங்கள். அலுவலகத்துக்குப் பெரியவர்கள் ஒரு மணி நேரம் போகலாம். ஐந்தரை வயதுக் குழந்தையை வேனில் ஒரு மணி நேரம் உட்கார வைக்கக் கூடாது. காலை ஆறே முக்காலுக்கு வேனுக்காகத் தெருமுனையில் பாதித் தூக்கத்தில் நிற்கும் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

உங்கள் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகியவை ரயிலை ஒட்டி வளர்ந்த ஊர்கள். கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-இல் வந்தது. அதனால் பள்ளி, மருத்துவமனை, நூலகம், சந்தை எல்லாம் குடியிருப்போடு சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன. ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று நான்கு பள்ளிகள் இருக்கும் தெருக்கள் இங்கே உண்டு. ஒன்றில் இடம் இல்லாவிட்டால் அடுத்ததில் கேட்கலாம்.

எங்கள் சிட்லபாக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏரியில் கழிவுநீரும் குப்பையும் சேர்ந்து நாறிக் கிடந்தது. குடியிருப்போர் ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கிச் சுத்தம் செய்தார்கள், மனு மேல் மனு கொடுத்தார்கள். பிறகு அரசு நிதி ஒதுக்கிச் சீரமைத்தது. இன்று அந்தக் கரையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஒரு பகுதியை எடைபோடும்போது அங்கே குடியிருப்போர் சங்கம் உயிரோடு இயங்குகிறதா என்றும் விசாரியுங்கள்.

படூர் அம்மா:

மேலே எழுதியவர் பிள்ளையின் பயணத்தைப் பற்றி அக்கறையோடு சொன்னார். அம்மாவின் பயணத்தையும் கணக்கில் எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குரோம்பேட்டையிலிருந்து சிறுசேரிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். மாலையில் சோழிங்கநல்லூர் சந்திப்பைத் தாண்டி மேடவாக்கம் வழியாக வீடு சேர ஒன்றரை மணி நேரம் ஆகும் நாட்கள் உண்டு. ஓ.எம்.ஆர். நெடுக மெட்ரோ ரயில் வேலை நடப்பதால் சாலையும் குறுகிவிட்டது. எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழையும் தாய்க்குப் பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்க்கவும் நேரம் இருக்காது.

நான் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறேன். குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே பிள்ளைகள் வாகன பயமில்லாமல் ஓடி விளையாடுகிறார்கள். பகலில் பள்ளியிலிருந்து "காய்ச்சல், அழைத்துப் போங்கள்" என்று அழைப்பு வந்தால் கால் மணி நேரத்தில் போய்விடுவேன். இது சின்ன விஷயம் இல்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர். பல அடுக்குமாடிகளில் குழாய்த் தண்ணீர் இணைப்பு இன்னும் வரவில்லை. லாரித் தண்ணீரும் ஆழ்துளைக் கிணறும்தான். 2019 கோடையில் இங்கே சில நிறுவனங்கள் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கலாம். நெம்மேலியில் 2024-இல் இரண்டாவது கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறந்தார்கள், ஆனால் உங்கள் வளாகத்துக்குக் குழாய் வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் லாரித் தண்ணீர்ச் செலவு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். வாடகை 25,000 என்று நினைத்துப் போனால் பராமரிப்பும் சேர்ந்து கையைக் கடிக்கும். பள்ளிகளும் பெரும்பாலும் புதியவை, கட்டணம் கூடுதல், பாடத்திட்டம் அநேகமாக சி.பி.எஸ்.இ.

மழைமானி:

மழையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தென்சென்னையில் நிலம் எங்கே சரிகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் தீரும்.

செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை. இவற்றின் உபரிநீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம், கடல். இந்தச் சதுப்புநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே அதன் பெரும்பகுதி கட்டடமாகவும் குப்பைமேடாகவும் மாறிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம், துரைப்பாக்கம் பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதற்கு இதுதான் காரணம். தண்ணீர் போக வேண்டிய இடத்தில் வீடுகள் நிற்கின்றன.

மேற்கே அடையாற்றின் கதை வேறு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த பேய்மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 49 செ.மீ. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. ஆற்றுக்கு அருகே தாழ்ந்த மனைகள் இன்றும் விற்கப்படுகின்றன, வாடகையும் மலிவாக இருக்கும். அந்த மலிவைக் கண்டு ஏமாறாதீர்கள்.

இருந்தாலும் பகுதியின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒரே நகரில் ஒரு தெருவில் முழங்கால் அளவு நிற்கும், அடுத்த தெரு காய்ந்து கிடக்கும். வீடு பார்க்கப் போகும்போது இவற்றைக் கவனியுங்கள். சாலைக்கு மேல் சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வாசல் கேட்டிலிருந்து வீடு இரண்டு படி கீழே இறங்குகிறதா? சுற்றுச்சுவரில் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா? புதிதாக வெள்ளை அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரையும் பின்பக்கக் கழிவறைச் சுவரையும் பாருங்கள். அங்கே யாரும் அடிப்பதில்லை. மின்மீட்டரையும் மோட்டார் சுவிட்சையும் தலைக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா? வாசற்படியில் குறுக்கே ஓரடி உயரத்துக்குச் சிமெண்டுத் தடுப்பு எழுப்பியிருக்கிறார்களா? அந்தத் தெருவில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள். 2015-இல் எங்கே வரை வந்தது, 2023-இல் எங்கே வரை வந்தது என்று கையை வைத்தே காட்டுவார்.

உங்கள் வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. மாமியாருக்காகத் தரைத்தளம் தேடுவீர்கள், மழையில் முதலில் நனைவதும் தரைத்தளம்தான். கீழே வண்டி நிறுத்தும் இடம் விட்டு, மேலே முதல் தளத்தில் லிஃப்ட் வசதியோடு இருக்கும் சிறிய அடுக்குமாடியாகப் பாருங்கள். ஜெனரேட்டர் லிஃப்டையும் இயக்குமா என்று கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பள்ளியைப் பற்றி நான் எழுதுகிறேன், அம்மா.

வாசலில் கட்டியிருக்கும் "நூறு சதவீதத் தேர்ச்சி" பேனரை நம்பிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சில இடங்களில் ஒன்பதாம் வகுப்பிலேயே சற்றுப் பின்தங்கிய பிள்ளைகளை வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். நூறு சதவீதம் அப்படியும் வரும். ஆகவே "எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், அதே பிள்ளைகளில் எத்தனை பேர் ஆறாம் வகுப்பிலிருந்து இங்கே படித்தவர்கள்?" என்று கேளுங்கள். நல்ல பள்ளி இந்தக் கேள்விக்குக் கோபப்படாது.

மாலையில் பள்ளி விடும் நேரத்தில் போய் எதிர்ப்புறம் நில்லுங்கள். பிள்ளைகள் எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள், சாலையைக் கடக்க ஆசிரியர் யாராவது நிற்கிறார்களா, பாட்டி தாத்தாக்களிடம் காவலாளி எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். அங்கே காத்திருக்கும் ஒரு பெற்றோரிடம் அவர் பிள்ளையின் கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வெறும் டிக் அடித்திருக்கிறதா, தப்பான இடத்தில் வட்டமிட்டு "இந்த வரியை மீண்டும் போடு" என்று ஆசிரியர் எழுதியிருக்கிறாரா? எந்த விளம்பரமும் சொல்லாததை அந்த நோட்டு சொல்லிவிடும். ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்களா என்றும் விசாரியுங்கள். மாறிக்கொண்டே இருந்தால் ஊதியம் சரியில்லை என்று பொருள். கழிவறையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மகள் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள், கழிவறை சரியில்லாத பள்ளியில் பெண் பிள்ளைகள் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். இதை நான் வகுப்பறையில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாடத்திட்டம்: மகள் மாநிலப் பாடத்திட்டத்திலேயே தொடரட்டும் என்பது என் கருத்து. சி.பி.எஸ்.இ.-யில் ஒன்பதாம் வகுப்பிலேயே மாணவரைப் பதிவு செய்துவிடுவார்கள். மாறுவதானால் எட்டாம் வகுப்பிலேயே மாறிவிட வேண்டும். ஊர், பள்ளி, பாடத்திட்டம் மூன்றும் ஒரே ஆண்டில் மாறுவது பதின்ம வயதில் பெரிய சுமை. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு 2007 முதல் நுழைவுத்தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். மருத்துவம் என்றால் நீட் உண்டு, அதற்கு எந்தப் பாடத்திட்டத்தில் படித்தாலும் தனியாக உழைத்தாக வேண்டும்.

மகன் விஷயத்தில், கேந்திரிய வித்யாலயா உங்கள் மனத்தில் இருந்தால் அங்கே ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31-இல் ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். மேலும் மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. மற்ற பல தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி.-யிலேயே இடம் நிரம்பிவிடும். ஒன்றாம் வகுப்பில் யாராவது விலகினால்தான் இடம். ஜனவரியிலிருந்தே கேட்கத் தொடங்குங்கள்.

கட்டணத்தைப் பற்றி ஒன்று. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளிகளுக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு கட்டணம் நிர்ணயிக்கிறது. நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டு, கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். நன்கொடை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசுப் பள்ளிப் பெற்றோர்:

யாரும் அரசுப் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். என் இரண்டு பிள்ளைகளும் தாம்பரம் பகுதி அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். ஆசிரியர்கள் முறையாகத் தேர்வாகி வந்தவர்கள். தொடக்கப் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் உண்டு. மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது, அடுத்த ஆண்டு பொறியியலுக்கும் வந்தது. தனியார் பள்ளிக்குக் கட்டும் பணத்தைச் சேர்த்து வைத்தால் மேற்படிப்புக்கு உதவும். உங்கள் மகனையாவது அருகில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்ப்பதைப் பற்றி யோசியுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மேலே சொன்னதை முழுமனதாக ஆமோதிக்கிறேன். நான் பணியாற்றியதும் அரசுப் பள்ளியில்தான். ஒரு விளக்கம் மட்டும்: அந்த 7.5 சதவீதத்துக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எனவே மகளுக்குப் பொருந்தாது, மகனுக்குப் பொருந்தும். அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது கிடையாது.

ஊரப்பாக்கம் அப்பா:

பட்ஜெட்டைப் பார்த்தால் வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் தாராளமான வீடே கிடைக்கும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு கோவைக்குப் போய்வர எங்களுக்கு வசதி. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலையில் 515 பேருந்து உண்டு. சிறுசேரிக்கு நெரிசலான சோழிங்கநல்லூரைத் தொடாமலே போய்விடலாம். நந்திவரம் ஏரிப் பக்கம் மட்டும் தாழ்வான தெருக்களைத் தவிருங்கள்.

கோவைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பகலில் கணவர் வீட்டில் இருக்கிறார். காய்ச்சல் என்று அழைப்பு வந்தால் அவர் போய்க் கொள்வார். ஆனால் படூர் அம்மா சொன்னது மனத்தில் தைத்தது. எட்டு மணிக்கு வீடு சேரும் வாழ்க்கை எனக்கு வேண்டாம். அதே சமயம் பழைய பள்ளிகள் இருக்கும் பகுதியை விடவும் மனமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா? மகன் வேனில் போக நேர்ந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

வேங்கைவாசல்:

நீங்கள் கேட்பது வேளச்சேரி–தாம்பரம் சாலைதான். கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து கிழக்கே ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், காமராஜபுரம், கௌரிவாக்கம், சந்தோசபுரம், வேங்கைவாசல், மேடவாக்கம் என்று வரிசையாக வரும். மேற்கு முனையில் சேலையூரின் பழைய பள்ளிகள், கிழக்கு முனையில் மேடவாக்கம் வழியாக ஓ.எம்.ஆர். சாலை. ஐ.டி. நிறுவனப் பேருந்துகள் காலையில் இந்தச் சாலையில் நின்று ஆள் ஏற்றிச் செல்வதைத் தினமும் பார்க்கிறேன். உங்கள் நிறுவனத்துக்கு அப்படிப் பேருந்து உண்டா, எந்த நிறுத்தம் என்று மனிதவளத் துறையிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். அந்த நிறுத்தத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு கிடைத்தால் பயண நேரத்தில் தூங்கலாம், படிக்கலாம். மேடவாக்கத்தில் 2022-இல் மேம்பாலம் திறந்தபின் சந்திப்பில் நிற்கும் நேரம் குறைந்தது, ஆனால் மெட்ரோ வேலையால் சில இடங்களில் இன்னும் ஊர்ந்துதான் போக வேண்டும். மெட்ரோ வந்துவிடும் என்று நம்பி இன்று கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள்.

சித்தாலப்பாக்கம் பக்கமும் பலர் போகிறார்கள். அங்கிருந்து அலுவலகம் இன்னும் அருகே. ஆனால் உட்புற நகர்களில் பாதாளச் சாக்கடை வராத தெருக்கள் இருக்கின்றன. கழிவுநீர் லாரிச் செலவு யாருடையது, வாடகைதாரருடையதா உரிமையாளருடையதா என்று எழுத்தில் வாங்குங்கள். எங்கள் தெருவில் அதனால் வராத சண்டை இல்லை.

சிட்லபாக்கம்வாசி:

வேன் பற்றிக் கேட்டீர்கள். 2012 ஜூலையில் முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். இந்தப் பக்கத்தில் யாரும் அதை மறக்கவில்லை. அதன் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் வண்டிகளை ஆய்வு செய்ய வேண்டும், உதவியாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். இந்த விதிகள் பள்ளியின் சொந்தப் பேருந்துக்குத்தான் முழுமையாகப் பின்பற்றப்படுகின்றன. தனியாரிடம் மாதச் சந்தாவுக்குப் பேசும் வேனிலும் ஆட்டோவிலும் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம். வண்டிக்குள் நீங்களே ஏறிப் பாருங்கள். பாயைத் தூக்கித் தளத்தைப் பாருங்கள். எந்தப் பிள்ளை கடைசியாக இறங்குகிறது, அதன் பிறகு இருக்கைகளை யார் சரிபார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

படூர் அம்மா:

வேங்கைவாசல் நண்பர் சொன்ன சாலை உங்கள் குடும்பத்துக்குச் சரியாக வரும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. கணவர் வீட்டில் இருப்பது பெரிய பலம். எங்கள் வீட்டில் இருவருமே வெளியே போகிறவர்கள், அதனால்தான் நான் அலுவலகத்துக்கு அருகே இருப்பதில் பிடிவாதமாக இருந்தேன். மகளிடமும் கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குத் தனியாக நூலகத்துக்கும் தோழி வீட்டுக்கும் போய்வர முடிகிற ஊர் வேண்டும். எங்கள் வளாகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாம் இருக்கிறது, ஆனால் கேட்டைத் தாண்டினால் நெடுஞ்சாலைதான். என் மூத்தவளை எங்கே அனுப்புவதானாலும் காரில்தான் கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறது.

கோவைக்காரி:

மகளிடம் கேட்டேன். சைக்கிளைக் கொண்டு வரலாமா என்றுதான் முதலில் கேட்டாள்.

ராஜகீழ்ப்பாக்கம் முதல் வேங்கைவாசல் வரை பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். நவம்பர் பிற்பாதியில், நல்ல மழை பெய்த மறுநாளாகப் பார்த்து வருகிறோம். மாலையில் பள்ளி வாசல், மறுநாள் காலை வீடுகள். மகனுக்கு ஒரு தனியார் பள்ளியும் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியும் பார்க்கப் போகிறோம். மாமியார் தானும் வந்து லிஃப்டில் ஏறிப் பார்க்க வேண்டும் என்கிறார். நிறுவனப் பேருந்து காமராஜபுரத்தில் நிற்கும் என்று இன்று பதில் வந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

நல்லது. மகளின் மாற்றுச் சான்றிதழை இப்போதே வாங்கிவிடாதீர்கள் அம்மா, புதிய பள்ளியில் இடம் உறுதியானதும் வாங்கினால் போதும். வாங்கும்போது எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) சரியாக இருக்கிறதா, பிறந்த தேதியும் பெயரின் தமிழ் எழுத்தும் பிறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் பொருந்துகின்றனவா என்று கோவையிலேயே சரிபாருங்கள். பிழை இருந்தால் பழைய பள்ளியில் ஒரே நாளில் திருத்திவிடலாம். சென்னைக்கு வந்தபின் என்றால் அதற்காக மறுபடியும் கோவைக்கு ரயில் ஏற வேண்டியிருக்கும்.